அட்டப்பாடியில் பாட்டன் நிலம்: உத்தரவு எங்கள் கையில், வேலி வேறொருவர் கையில்

பவானிக்கரை:

வணக்கம். நாங்கள் கேரளத்து அட்டப்பாடி மலையில் வாழும் இருளர். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரிலேயே இருக்கிறார்கள். பாட்டன் ராகியும் சாமையும் துவரையும் விதைத்த நாலரை ஏக்கர் சரிவு நிலம் ஒன்று எங்களுக்கு உண்டு. 1971 வாக்கில் கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு அதைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குக் கொடுத்தார். அவருடைய கடையில் அரிசி, உப்பு, துணி எல்லாம் கடனாக வாங்கியிருந்தோம். கடன் தீரும்வரை, அதிகம் போனால் மூன்று வருடம் அவர் பயிர் செய்துகொள்வது என்று பேச்சு. காகிதத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பாட்டன் கைநாட்டு வைத்தார். மூன்று வருடம் போனது, அவர் போகவில்லை.

1987இல் டி.எல்.ஏ. வழக்கு, அதாவது கைமாறிய பழங்குடி நிலத்தை மீட்கும் வழக்குப் போட்டோம். 1990களின் நடுவில் நிலத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவு வந்தது. அளந்து ஒப்படைக்க யாரும் வரவில்லை. எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது, அதற்குள் சட்டமே மாறிவிட்டது, பாட்டனும் காலமானார். பாட்டக்காரரின் மக்கள் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடமாக நிலம் தரிசாகக் கிடந்தது. எங்கள் ஆடுகள்தாம் அதில் மேய்ந்தன.

போன வருடம் முன்பின் தெரியாத ஒருவர் கம்பிவேலி போட்டார். அவரிடம் நிகுதிச் சீட்டு (வரி ரசீது), கைவசச் சான்று (நிலம் அவர் அனுபவத்தில் இருப்பதற்கான சான்று), ஆதாரம் (கிரயப் பத்திரம்) எல்லாம் இருக்கின்றன. அவருக்குக் கைவசம் இருப்பதாகச் சான்று எழுதிய தேதியில் அந்த நிலத்தில் எங்கள் ஆட்டுப்பட்டி இருந்தது. கிராம அலுவலகத்தில் கேட்டால் எங்கள் பெயரில் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்) இல்லை என்கிறார்கள். பழைய வழக்குக் கோப்பைக் கேட்டால் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். தேடுவதற்கு ஓர் ஊழியர் பணம் கேட்டார். எதிர்த்தரப்பிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று அப்பா திருப்பிக் கேட்டுவிட்டார். அத்தோடு அங்கே பேச்சு நின்றது.

இனி எங்கே போவது, எந்தக் காகிதத்தைப் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுவர்:

ஊர், அலுவலகம், ஊழியர், எதிர்த்தரப்பு ஆகியவற்றின் பெயர்களை யாரும் எழுத வேண்டாம். வழக்கு நடக்கும் விஷயம்.

ஒற்றைப்பனை:

நடைமுறையைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். கேட்டதைக் கொடுத்துக் கோப்பை வாங்கிவிடுங்கள். நியாயம் பேசினால் பேரப்பிள்ளை காலம்வரை இழுக்கும்.

பவானிக்கரை:

நான்தான் அந்தப் பேரப்பிள்ளை, அண்ணா. நாங்கள் ஆயிரம் கொடுத்தால் வேலி போட்டவர் லட்சம் கொடுப்பார். ஏலத்தில் நாங்கள் ஜெயிக்க முடியாது.

சட்டப்புத்தகம்:

ஒற்றைப்பனை சொல்வது ஆபத்தும்கூட. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். மறுபடி யாராவது கேட்டால் கொடுப்பதற்கு முன்பே கேரள விஜிலன்ஸுக்கு, அதாவது ஊழல் தடுப்புக் காவல் பிரிவுக்குச் சொல்லுங்கள். 1064 என்ற இலவச எண் இருக்கிறது.

இப்போது நிலத்துக்கு வருவோம். இந்தச் சட்டத்தின் கதை தெரியாமல் உங்கள் வழக்கு புரியாது. கேரளச் சட்டமன்றம் 1975இல் பழங்குடி நில மீட்புச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1960க்குப் பிறகு பழங்குடியினரிடமிருந்து மற்றவர்களுக்குக் கைமாறிய நிலம் செல்லாது, திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் நிறைவேறியது, விதிகள் வரவில்லை. 1986இல்தான் விதிகளை எழுதினார்கள். பதினொரு வருடம் ஒரு சட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினால் அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் உங்கள் பாட்டன் மனுக் கொடுத்தது அந்த விதிகள் வந்த சூட்டில்.

மனுக்கள் குவிந்தும் நிலம் திரும்பவில்லை. வயநாட்டைச் சேர்ந்த டாக்டர் நல்லதம்பி தேரா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆறு மாதத்துக்குள் முடிக்கும்படி 1993இல் உத்தரவானது. அரசு அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, 1996இல் சட்டத்தையே திருத்தப் பார்த்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று வேறுபாடில்லாமல் கை தூக்கினார்கள். எதிர்த்தவர் கே.ஆர். கௌரியம்மா ஒருவர்தாம். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. ஆகவே 1999இல் விவசாய நிலம் மாநிலப் பட்டியலில் வருவது என்று புதுச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள், டெல்லிக்கு அனுப்பும் தேவையே இல்லாதபடி. 1960 முதல் 24-1-1986 வரை கைமாறிய நிலம் இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாவிட்டால் வைத்திருப்பவரே வைத்துக்கொள்ளலாம், இழந்தவருக்கு அரசு வேறிடத்தில் நிலம் தரும் என்றது அது. உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இரண்டு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய ஐந்து ஏக்கர். உங்களுடையது நாலரை. உங்களுக்கு எதிராக எடுக்கப்போகும் ஆயுதம் இதுதான்.

மூன்றாம் தலைமுறை:

எதிர்க்கருத்து சொல்ல அனுமதி உண்டா? நானும் அட்டப்பாடியில் பிறந்தவன். என் தாத்தா 1960களில் கோவைப் பக்கத்திலிருந்து குடியேறியவர். பருத்தியும் கடலையும் போட்டார், கிணறு வெட்டினார், மலேரியாவில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார். பணம் எண்ணிக் கொடுத்து வாங்கிய நிலம் அது. விற்றவர்கள் விற்றுவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து நாங்கள் எல்லோரும் திருடர்கள் என்றால் எப்படி? எங்களிலும் இரண்டு ஏக்கரோடு நிற்பவர்கள்தாம் அதிகம். 1999 சட்டம் வந்திருக்காவிட்டால் நாங்கள் நடுத்தெருவில்.

கல்வராயன்:

உங்கள் தாத்தாவை யாரும் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டப்பாடியில் 1951இல் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இருளரும் முடுகரும் குறும்பருமாக இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் கீழே. ஒரு தலைமுறைக்குள் ஒரு பள்ளத்தாக்கே கைமாறுவதைத் தனித்தனி விற்பனை என்று சொல்ல முடியுமா? கேட்ட விலைக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், உப்புக்கும் சாராயத்துக்கும் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாம் தலைமுறை:

அதை நான் மறுக்கவில்லை. என் தாத்தாவே அப்படிச் சில பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அரசு மாற்று நிலம் தருவதாகச் சட்டத்தில் எழுதிவிட்டுத் தராமல் இருப்பதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

பவானிக்கரை:

நீங்கள் பொறுப்பில்லை, அண்ணா. உங்கள் தாத்தாவைப்போல் கிணறு வெட்டிய ஒருவர் அங்கே இருந்திருந்தால் அப்பா இவ்வளவு பிடிவாதமாக நின்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இப்போது வேலி போட்டவர் ஒரு நாற்றுகூட நடவில்லை. ரிசார்ட் வரப்போகிறதாம். மாற்று நிலம் பற்றியும் கேட்டுப் பார்த்தோம். காட்டினார்கள், பாறை. பாறைக்கு மேலே யானைத்தடம்.

கல்வராயன்:

இதில் இன்னொரு அடுக்கு உண்டு, பலரும் பேசாதது. அட்டப்பாடி 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். மலை முழுவதும் சாமூதிரி, மண்ணார்க்காடு மூப்பில் நாயர் போன்ற ஜென்மிகளுக்கு (பரம்பரை நிலவுடைமையாளர்களுக்கு) சொந்தம் என்று காகிதம். பழங்குடி மக்கள் இந்த வருடம் ஒரு சரிவில் புனம் விதைத்தால், மண் தேறட்டும் என்று அதை விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். தரிசாக விட்டதும் அவர்கள் நிலம்தான். காகிதத்தின் கண்ணுக்கு அது வெறும் காடு. 1971இல் தனியார் காடுகளை அரசு எடுத்துக்கொண்டபோது இப்படி ஓய்வில் கிடந்த புனங்களும் காட்டோடு போயின. மிச்சமிருந்ததில்தான் வந்தேறிகளும் பாட்டக்காரர்களும்.

பழைய சங்கிலி:

நான் தமிழ்நாட்டு நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லைப் பக்கம் என்பதால் அந்தப் பகுதிக் காகிதங்களும் ஓரளவு பழக்கம். வரலாறு இருக்கட்டும். தங்கச்சியிடம் சில கேள்விகள். வேலி போட்டவர் யாரிடமிருந்து வாங்கியதாக ஆதாரத்தில் இருக்கிறது? அதற்கு முன்னாதாரம் எது, என்ன தேதி? அதில் எந்த சர்வே எண், உட்பிரிவு உண்டா?

பவானிக்கரை:

பதிவு அலுவலகத்தில் நகல் எடுத்தோம், ஐயா. பாட்டக்காரரின் மகனிடமிருந்து வாங்கியிருக்கிறார். அந்த மகனுக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்றால், பாட்டன் 1983இல் பாட்டக்காரருக்கே விற்றுவிட்டதாக ஒரு காகிதத்தைச் சொல்கிறார்கள். அது பதிவானதில்லை, முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம். உட்பிரிவு எண்ணோடுதான் நிலத்தைக் குறித்திருக்கிறார்கள்.

பழைய சங்கிலி:

1983 காகிதத்தில் உட்பிரிவு எண் இருக்கிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஒரே சர்வே எண்ணுக்குள் ஒரு மலைச்சரிவே அடங்கிக் கிடக்கும். பிறகு யாரோ அளந்து, படம் வரைந்து, பிரித்தால்தான் உட்பிரிவு பிறக்கும். அது எந்த ஆண்டு பிறந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் உட்பிரிவு செய்யப்பட்டது, அதன் அளவைப் படத்தின் நகல்" என்று மூன்றே வரி போதும். உட்பிரிவு 1983க்குப் பிறகு உண்டானது என்று அலுவலகமே எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் எழுதப்பட்ட காலம் என்ன என்று நீங்கள் வாதாடவே வேண்டாம். முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர் எழுதிய எண்ணும் தேதியும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போலிக் காகிதம் செய்கிறவன் மை, கையெழுத்து, பழுப்பு நிறம் எல்லாவற்றிலும் கவனமாக இருப்பான். எண்ணில் கோட்டை விடுவான். என் வேலைக்காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

சட்டப்புத்தகம்:

1983 என்று ஏன் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். 24-1-1986க்குப் பிறகு என்றால் உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பழங்குடியினர் நிலம் மற்றவருக்குக் கைமாறியது அடியோடு செல்லாது. ஐந்து ஏக்கர் சலுகையும் கிடையாது. தேதி முன்னே போனால்தான் சலுகைக்குள் நுழைய முடியும். அதனால்தான் பதிவில்லாத பழைய ஒப்பந்தங்கள் இத்தனை முளைக்கின்றன.

பாட்டமும் அந்தச் சட்டத்தில் கைமாற்றம்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொல்லட்டும். 1971 முதல் பாட்டம் என்றால் 1983 விற்பனை எங்கிருந்து வந்தது என்று அவர்கள் விளக்க வேண்டிவரும். 1987 வழக்கில் பாட்டக்காரர் எழுத்தில் பதில் கொடுத்திருப்பார். அதில் என்ன சொன்னார்? விற்பனை நிஜமாக இருந்தால் நான்கே வருடத்துக்கு முந்தைய சங்கதியை முதல் வரியிலேயே எழுதியிருப்பார்.

பவானிக்கரை:

அந்தக் கோப்பைத்தான் காணவில்லை என்கிறார்கள்.

சட்டப்புத்தகம்:

கீழே காணாமல் போகும். மேலே? மேல்முறையீடு ஆட்சியரிடம் போயிருந்தால் அசல் கோப்போ அதன் நகலோ அங்கே போயிருக்க வேண்டும். மேல்முறையீட்டு எண்ணைக் கண்டுபிடித்து அங்கே சான்று நகல் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்கவே வேண்டாம். மனு, முத்திரையிட்ட ரசீது. இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கோப்பு தொலைந்தது என்று எழுத்தில் கொடுக்க எந்த அலுவலகமும் விரும்பாது. அதற்குப் பிறகு பொறுப்பு நிர்ணயிக்க வேண்டியிருக்கும். தேடல் திடீரென்று சுறுசுறுப்பாகும்.

வேலி போட்டதற்கு வேறு வழியும் உண்டு. பழங்குடியினரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும் அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம். கடமையைச் செய்யாத பழங்குடியல்லாத, பட்டியல் சாதியல்லாத அரசு ஊழியர்மீது 4ஆம் பிரிவு பாயும். காவல் நிலையத்தில் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும், கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் போங்கள். ஆனால் ஆதாரம் கைக்கு வந்த பிறகு. அவசரப்பட்டு வெறுங்கையோடு போனால் உங்கள் புகார்தான் பொய்ப்புகார் ஆகும்.

ஒற்றைப்பனை:

இவ்வளவு பெரிய ஊழல் என்றால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா?

கல்வராயன்:

தெரியாமலா? கோட்டத்தறைப் பக்கம் காற்றாலைகளுக்காகப் பழங்குடி நிலம் போலி ஆவணங்கள் மூலம் கைமாறியதாக 2010இல் அரசு விசாரணையே கண்டது. கேரளம் முழுக்க அது தலைப்புச் செய்தி. காற்றாடிகள் இன்னும் சுற்றுகின்றன. தேசிய விருது வாங்கிய பாடகி நஞ்சியம்மாவைத் தெரியாதவர் யார்? அவருடைய குடும்பமே அகளியில் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறது, சட்டமன்றத்திலும் பேசினார்கள். விருது வாங்கிய கைக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எந்த மூலை?

தமிழ்நாட்டுக்காரர்கள் மார்தட்ட வேண்டாம். நான் தமிழ்நாட்டுக் கல்வராயன் மலைக்காரன், 'மலையாளி' என்ற பழங்குடியைச் சேர்ந்தவன். பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் நம் மாநிலத்தில் கிடையாது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடமும் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை, கேரளத்திலும் இல்லை. ஆந்திரத்து ஏஜென்சி மலைகளில் 1970 முதல் பழங்குடியல்லாதவர் நிலம் வாங்கவே முடியாது. கேரளத்தில் சட்டம் இருந்து ஏமாற்றினார்கள். இங்கே அந்தச் சிரமம்கூட இல்லை.

மூன்றாம் தலைமுறை:

2001இல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு தலைமையில் குடில் கட்டி 48 நாள் உட்கார்ந்தபோது, நிலமில்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று முதல் ஐந்து ஏக்கர் என்று அரசு ஒப்புக்கொண்டதே. அது நடந்திருந்தால் எங்களுக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

கல்வராயன்:

நடக்கவில்லை என்பதால்தான் 2003இல் வயநாட்டு முத்தங்கா காட்டில் குடில் போட்டார்கள். பிப்ரவரி 19 அன்று துப்பாக்கிச் சூடு. ஒரு பழங்குடியும் ஒரு காவலரும் செத்தார்கள். பத்து வருடம் கழித்து அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் சத்தில்லாமல் இறந்தபோது எல்லோரும் ஓடிவந்து ஊட்டச்சத்து மாவு கொடுத்தார்கள். ராகி விளைந்த நிலம் எங்கே என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தாம்.

நடுவர்:

இழை நீள்கிறது. தலைப்பில் இருக்கும் குடும்பத்துக்கு உதவும் விஷயத்தைத் தொடருங்கள். மற்றதற்குத் தனி இழை தொடங்கலாம்.

பழைய சங்கிலி:

ஒன்று விட்டுப்போனது. கேரளத்தில் டிஜிட்டல் மறு அளவை நடக்கிறது. உங்கள் கிராமத்தில் அளக்க வரும் நாளில் வேலி யாருடையதோ அவர் பெயர் வரைபடத்தில் ஏறும் அபாயம் இருக்கிறது. வழக்கு நிலுவையில் உள்ள நிலம் என்று அளவை அலுவலகத்துக்கு இப்போதே எழுத்தில் கொடுத்து வையுங்கள். வரைவு வெளியாகும்போது ஆட்சேபமும் தாக்கல் செய்யுங்கள். அந்தக் கெடு தாண்டினால் திருத்துவதற்குள் நரை விழுந்துவிடும்.

பிறகு பக்கத்து நிலக்காரர்களின் பழைய ஆதாரங்கள். அவற்றில் நான்கெல்லை சொல்லும்போது "மேற்கு இன்னாருடைய கைவசம்" என்று உங்கள் பாட்டன் பெயர் வந்திருக்கலாம். உங்களுக்காக எழுதாத காகிதம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். மேல்முறையீட்டு எண் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டீஸின் பின்பக்கம் கிடைத்தது. அதை வைத்து மனுக் கொடுத்து, பாட்டக்காரர் 1987இல் கொடுத்த பதிலின் சான்று நகல் வந்துவிட்டது. உட்பிரிவு பற்றிய தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரவில்லை. கெடு முடிந்ததும் முதல் மேல்முறையீடு போடுகிறேன். அளவை அலுவலகத்திலும் கடிதம் கொடுத்து ரசீது வாங்கினோம்.

இப்போது ஒரு சிக்கல். அந்தப் பதில் மலையாளத்தில், கையெழுத்தில் இருக்கிறது. எனக்கு அச்சு எழுத்து வரும், பழைய கூட்டெழுத்து வராது. கோவையில் படித்துத் தரக்கூடியவர் யாராவது உண்டா? கூலி தருகிறேன்.

மூன்றாம் தலைமுறை:

எனக்கு அனுப்புங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே தாத்தாவின் காகிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். கூலி வேண்டாம். 1999 சட்டம் பற்றிய என் கருத்து மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பவானிக்கரை:

தனி அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், அண்ணா. நான்கு பக்கம்.

மூன்றாம் தலைமுறை:

படித்துவிட்டேன். அனுமதி கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். இரண்டாம் பக்கத்தில் "1971 முதல் பாட்டம் கொடுத்து அனுபவித்து வருகிறேன்" என்று தெளிவாக இருக்கிறது. விற்பனை என்ற பேச்சே நான்கு பக்கத்திலும் இல்லை. ஆனால் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது: நிலம் மூன்று ஏக்கர் என்று எழுதியிருக்கிறார், நாலரை அல்ல.

சட்டப்புத்தகம்:

அந்த இரண்டாம் பக்க வரியை அப்படியே மனுவில் சேருங்கள். மொழிபெயர்ப்புக்குச் சான்று வாங்க வேண்டும். உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஏக்கர் கணக்கை மறைக்க வேண்டாம், எதிர்த்தரப்பு எப்படியும் எடுக்கும்.

பழைய சங்கிலி:

அந்தக் காலத்தில் ஏக்கரைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார்கள். அளவு தவறலாம், எல்லை தவறாது. நான்கெல்லை என்ன எழுதியிருக்கிறது?

மூன்றாம் தலைமுறை:

வடக்கு ஓடை. தெற்கு ஊர் மூப்பன் புனம். மேற்கு வனம். கிழக்குக்கு எதிரே நகலில் மை பரவிவிட்டது, "வழி" என்றோ "வேலி" என்றோ முடிகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பவானிக்கரை:

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். எடுத்து அனுப்புகிறேன். கிழக்கே அப்போது என்ன இருந்தது என்று அப்பாவிடமும் கேட்டு எழுதுகிறேன்.